கனிபாவின் கழுத்தில் தொங்கிய லாரிச் சாவி

கனிபாவுக்கு ஆறு வயதிருக்கும்போது அவளுடைய அப்பா மடியில் உட்கார்த்தி லாரியின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கொடுத்தார். அன்று ஏறிய பித்து நாற்பத்தாறு வயதாகியும் இறங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே கனரக லாரி ஓட்டும் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். லைசென்ஸ் கொடுக்கத் தடையில்லை, வேலை கொடுக்கத்தான் தடை. பெண்கள் செய்யக்கூடாத வேலைகள் என்று கசாக் நாட்டுச் சட்டத்தில் நீளமாக ஒரு பட்டியல் இருந்தது. சோவியத் காலத்து மிச்சம். கனரக லாரியும் அதில் அடக்கம். பெண்ணின் உடம்பைக் காப்பாற்றத்தானாம்.

அதனால் கோக்சு ஆற்றோரத்து லாரி நிறுத்தத்தில் அவளுக்குக் கிடைத்தது சமையற்கட்டு. டிரைவர்களுக்கெல்லாம் இறைச்சி வேகும் அண்டாவை அவளேதான் தூக்கி இறக்குவாள்.

"ஏண்ணே, ஸ்டீயரிங் என்ன இந்த அண்டாவவிடக் கனமா? இதுலேருந்து என்னக் காப்பாத்த ஒரு சட்டமும் இல்லையா?" என்று மேலாளர் தோலெகெனிடம் கேட்பாள்.

"அண்டா பட்டியல்ல இல்லியே தங்கச்சி," என்பார் அவர். நல்ல மனிதர்தான். காகிதத்துக்குப் பயந்தவர்.

கனிபா கோபித்துக்கொள்ள மாட்டாள். தொழுது முடித்துக் கையேந்தும்போது மட்டும், "யா அல்லா, ஆணையும் பொண்ணையும் படைச்சவன் நீ. அந்தப் பட்டியல எழுதுனது நீ இல்லன்னு எனக்குத் தெரியும். எழுதுனவங்க மனச இளக்கு," என்பாள்.

இளகத்தான் செய்தது, வெயில் பட்ட ஆற்றுப் பனி மாதிரி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. வேலையில் உள்ள ஆபத்தைக் குறையுங்கள், எங்களை ஏன் குறைக்கிறீர்கள் என்று தலைநகரத்தில் பெண்கள் கேட்டார்கள். ஒரு தடவை பட்டியலில் சிலதை அடித்தார்கள். லாரி மட்டும் பட்டியலிலேயே தங்கிவிட்டது. அப்புறம் பட்டியலே வேண்டாம் என்று ஒரு மசோதா கிளம்பியது.

வயலில் சர்க்கரை பீட்ரூட் பிடுங்கிக் குவிக்கும் இலையுதிர் காலம். கனிபா தன் வீட்டில் பிசைந்த மாவும் கையுமாக நின்றபோது, பக்கத்து வீட்டு ஷர்பான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சூயின்ஷி! சூயின்ஷி!"

நல்ல சேதி கொண்டு வருகிறவர்கள் போடும் கூச்சல் அது. அவர்கள் கேட்கும் பரிசைக் கொடுத்தே தீர வேண்டும். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறவன் மனிதனில் சேர்த்தியில்லை.

"சொல்லித் தொலைடி!"

"பரிசு முதல்ல. உன் பூப்போட்ட சால்வை."

"எடுத்துக்க! சொல்லு!"

"நாடாளுமன்றத்துல பட்டியலத் தூக்கிட்டாங்கடி! இனிமே நீ லாரி ஓட்டலாம்!"

கனிபா அவளைக் கட்டிப் பிடித்த பிடியில் சால்வை முழுக்க மாவாயிற்று. அடுத்து கொழுந்தன் ஓடி வந்து அதே சேதியைச் சொல்லிச் சேவலைக் கேட்டான். கொடுத்தாள். நாத்தனார் போனில் கூப்பிட்டுத் தேன் ஜாடி கேட்டாள். அதுவும் போயிற்று. கணவர் மக்சூத் கடைசியாக வந்து, "எனக்கு என்ன மிச்சம்?" என்றார். "நான்தான்!" என்று சொல்லிவிட்டு, மாவுக் கையோடு லாரிகள் நிற்கும் இடத்துக்கு ஓடினாள்.

"சூயின்ஷி, அண்ணே!"

தோலெகெனின் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்த நேரம். அவர் தொப்பியை மேலே வீசினார். "பேரனா? கேளு தங்கச்சி, என்ன வேணாலும் கேளு!"

"ஒன்பதாம் நம்பர் லாரிச் சாவி!"

அடுத்த மூச்சில் சாவி அவள் கையில் இருந்தது.

"பேரன் இல்லண்ணே. பட்டியலத் தூக்கிட்டாங்க, உங்களுக்குப் புது டிரைவர் பொறந்திருக்கா!"

டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோலெகெனும் சிரித்தபடியே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"ஜனாதிபதி கையெழுத்து இன்னும் விழலியாம் தங்கச்சி. அதுவரைக்கும் பழைய சட்டம்தான். சாவியக் குடு."

கனிபா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பீட்ரூட் ஏற்றி முடிந்தால் அடுத்த இலையுதிர் காலம் வரை புது டிரைவரே எடுக்க மாட்டார்கள். அதற்குள் அவருக்கு வேறு ஏதாவது காகிதம் கிடைத்துவிடும்.

"என் சால்வை போச்சு, சேவல் போச்சு, தேனும் போச்சு. ஒன்னையாவது நான் திருப்பிக் கேட்டேனாண்ணே?" என்றாள். "கையெழுத்து விழுற வரைக்கும் ஓட்ட மாட்டேன், அது சட்டம். சாவியக் குடுக்கவும் மாட்டேன், இது நம்ம வழக்கம்."

சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாத்துச் சாவி இருக்குமே?" என்று ஒருவன் வாயைத் திறந்தான்.

"வாய மூடு!" என்றார் தோலெகென். மாற்றுச் சாவி அவர் மேசையிலேயே கிடந்தது. ஆனால் சூயின்ஷி கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் பிடுங்கினவன் என்ற பேர் யாருக்கு வேண்டும்?

ஒன்பதாம் நம்பர் லாரி அசையாமல் நின்றது. பக்கத்தில் பீட்ரூட் மலையாய் வளர்ந்தது. சூப்புக்குக் கிண்ணம் நீட்டுகிறவனெல்லாம் சீண்டினான். "என்னக்கா, பேனாவுல மை இல்லியாமே?"

"நீ போய் ஊத்திட்டு வாயேண்டா!" என்பாள். சிரித்துவிட்டுத் திரும்பி, சாவியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்வாள். வானத்தில் மேகம் கூடிக்கொண்டிருந்தது; மழை பெய்தால் வயல் சேற்றில் லாரி இறங்காது. இப்போது அவளைவிட அதிகமாகக் கையெழுத்துக்குத் தவித்தவர் தோலெகென்தான். சூப்பை ஆறவிட்டு ரேடியோவுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மதியம் தலையில் தொப்பிகூட இல்லாமல் சமையற்கட்டுக்குள் பாய்ந்தார்.

"சூயின்ஷி! சூயின்ஷி!"

கனிபாவின் கரண்டி அண்டாவுக்குள் விழுந்தது. "பேரனாண்ணே?"

"பேத்தி! அவ நேத்து ராத்திரியே வந்துட்டா! இது கையெழுத்து! போட்டாச்சு தங்கச்சி!"

"அல்ஹம்துலில்லாஹ்!" கனிபா அழுதுகொண்டே சிரித்தாள். "என்ன வேணும்ணே? கேளுங்க! என்கிட்ட இந்த அண்டாதான் மிச்சம்!"

"மழைக்கு முன்னால ஒரு லோடு. நான் பக்கத்துல உக்காந்து வரணும்."

அண்டாவை, சாப்பிட வந்திருந்த கணவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள். கழுத்துக் கயிறு குட்டை. சாவியைத் துளையில் நுழைக்க ஸ்டீயரிங்மேல் முகம் இடிக்கக் குனிய வேண்டியிருந்தது.

"கயித்தக் கழட்டேன் தங்கச்சி!"

"நீங்க வேற, இவ்வளவு நாள் தொங்குனது இன்னும் ஒரு நிமிஷம் தொங்கட்டும்!"

பிஸ்மில்லா சொல்லித் திருகினாள். லாரி கனைத்து, குலுங்கி, விழித்துக்கொண்டது. தோலெகென் இரண்டு கையாலும் முன்பலகையைப் பற்றிக்கொண்டார். "போ தங்கச்சி, போ! எதுக்கு நிக்கிற?"

கனிபா நகர்த்தவில்லை. கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி நிமிர்ந்து உட்கார்ந்து, அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"பெல்ட்டப் போடுங்கண்ணே. அதுவும் சட்டம்தான்."