மூடிய செக்போஸ்ட்டில் இன்னும் லாரி நிற்கிறது

கடந்த புதன்கிழமை திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிப் பூட்டிக் கிடந்த வரி செக்போஸ்ட் கட்டடத்தை ஏலத்தில் வாடகைக்கு எடுத்தேன். ஜிஎஸ்டி வந்த பிறகு அதற்கு வேலையில்லை. நான் துண்டு, லுங்கி வியாபாரி. தோளில் மூட்டை சுமந்து ஆரம்பித்தவன். பில்லில் ஒரு சீல் வாங்க அந்த ஜன்னல் முன்னால் மூன்று மணி நேரம்கூட நின்றிருக்கிறேன். அதே கட்டடம் வாடகைக்கு என்ற அறிவிப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு தறிக்காரர்களிடம் எடுக்கும் சரக்கை அடுக்க எனக்கு ஒரு குடோன் தேவை. கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலில் காலை 5.50 மின்சார ரயில், டிக்கெட் இருபது ரூபாய். 8.05க்குத் திருத்தணி. மலைக்குக் கீழேயிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஒன்பது கிலோமீட்டருக்கு 250 கேட்டார், 180க்குப் படிந்தது.

கட்டடம் பரவாயில்லை. இரண்டு அறை, நீளமான வராண்டா, ஒழுகாத தளம். எதிரே மரத்தடியில் ஒரு டிபன் தள்ளுவண்டி. நடத்துகிறவர் எஸ்தர், நாற்பது வயதிருக்கும். நாலு இட்லி, ஒரு வடை நாற்பது ரூபாய். சாப்பிட்டு முடிப்பதற்குள் பதினொரு லாரி வந்து நின்றுவிட்டன. கேட் கம்பியைப் பிடுங்கி எத்தனையோ வருடமாகிறது. ஒரு டிரைவர் கையில் பில் கட்டோடு வேறு இறங்கினார்!

“ஏம்பா, அங்க யாரும் இல்லியே, பேப்பர் எதுக்கு?” என்றேன்.

“இன்னா பண்றது நைனா, இங்க வந்தா கால் தானா பிரேக்க மிதிக்குது. நின்னது நின்னோம், நாலு இட்லி துன்னுட்டுப் போவோம்னு” என்றார்.

எனக்குள் கணக்கு மாறிவிட்டது. இத்தனை பேர் தானாக வந்து நிற்கும் இடத்தில் எவனாவது குடோன் வைப்பானா? துண்டுக் கடை வைக்க வேண்டும்!

எஸ்தர் என்னை எடைபோட்டுக்கொண்டிருந்தார். “மெட்ராஸ் பார்ட்டிங்களா? ஏலத்துக்குத்தானே வந்துகினு கீறீங்க? பூட்டு வாங்கியாந்துட்டீங்களா?”

“ஆமாம்மா. நீங்களும் கேட்கிறீங்களா?”

“ஆங். முன்பணம் கட்டிட்டேன். ஆனா மாசம் மூவாயிரத்துக்கு மேல என்னால முடியாது. சிமெண்ட்டு கடக்காரர் ஒருத்தர் வர்றாராம். அவுரு எடுத்தா லோடு எறக்க எடம் வேணும்னு மொதல்ல என் வண்டியத்தான் தள்ளச் சொல்வாரு. நீங்க இன்னா சொல்வீங்க?”

நானும் தள்ளத்தான் சொல்லியிருப்பேன், மறைக்கவில்லை. “கடை முன்னால வண்டி நின்னா எனக்கு இடைஞ்சல்தானே?” என்றேன்.

அவர் சிரித்தார். “தள்ளினு போறேன். அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் நிக்கறேன். லாரி எங்க நிக்குதுன்னு நாளைக்கு வந்து பாருங்க. காலு பிரேக்க மிதிக்கும்ங்க, ஆனா வண்டிய விட்டு எறங்கறது வயித்துக்குத்தான்!”

முப்பது வருட வியாபாரத்தில் இவ்வளவு சீக்கிரம் என்னை யாரும் மடக்கியதில்லை. இன்னொரு டீ கேட்டேன். அதைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் கூட்டு என்று முடிவாயிற்று.

பதினொரு மணிக்கு அந்த வராண்டாவிலேயே ஏலம். சிமெண்ட் கடைக்காரர் ஆறாயிரம் வரை வந்தார். நான் ஐந்நூறு கூட்டியதும் “துண்டு விக்க இவ்ளோ பெரிய ஆபீஸா?” என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். எஸ்தர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இப்படிக் காலியாகக் கிடக்கும் அரசுக் கட்டடத்தை எடுக்க நினைப்பவர்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் வாசலில் ஒரு காலை நேரம் உட்காருங்கள். யார் வருகிறார்கள், எதற்கு நிற்கிறார்கள் என்று பாருங்கள். பழைய கரண்ட் பாக்கி யார் தலையில் என்று எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே அங்கே பிழைப்பவரோடு பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாத வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு, மூன்று வருடம். நாலாயிரம் என்னுடையது, இரண்டாயிரத்து ஐந்நூறு எஸ்தருடையது. முன்பு பில்லுக்குச் சீல் போட்ட ஜன்னல் அறையும் வராண்டாவும் அவருக்கு; சாப்பிட்டவர்கள் கை கழுவப் போகும் வழியில் இருக்கும் பின் அறை எனக்கு. அவர் கடையில் கை துடைக்க என் துண்டு, இலவசம். அவர் இட்லி எனக்கும் அதே விலைதான், கடன் கிடையாது.