வராத நாட்களின் பட்டியல்

புனே பக்கத்துச் சாகணில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் எனக்கு வேலை. ஒப்பந்தத் தொழிலாளர்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதை மேற்பார்வையாளர்களின் விருப்புவெறுப்புக்கு விடாமல், தரவைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். அதுதான் நியாயம் என்று மனதார நம்பினேன். வருகைப் பதிவைப் பார்த்து, அதிகம் லீவு போட்ட பன்னிரண்டு பேரின் பட்டியலைக் கொடுத்தேன். எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் பெயின்ட் பிரிவு; அதில் ஒருவர் திருநெல்வேலிக்காரர். நான் தமிழ் என்று தெரிந்து நேராக என் மேஜைக்கு வந்தார்.

“எத்தன நாளு வரலன்னு எண்ணுனீய. ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேட்டியளா, மேடம்?”

“எல்லாருக்கும் ஒரே ரூல்தாங்க. சிஸ்டத்துல இருக்கறத நான் மாத்த முடியாதுங்க” என்றேன்.

அவர் இருமிக்கொண்டே படியிறங்கினார்.

ஆறு மாதம் கழித்து அடுத்த பட்டியலை எடுத்தேன். மறுபடியும் பெயின்ட் பிரிவுதான் முதலில் நின்றது. ஆட்கள் மட்டும் புதியவர்கள். பழைய பதிவுகளை ஷிஃப்ட் விவரத்தோடு தேதி தேதியாக ஒப்பிட்டேன். பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே அறையில் ஒரு வாரம் நின்றவர்கள் அடுத்த வாரம் வேலைக்கு வரவில்லை. வேறு வேலைக்கு மாற்றப்பட்ட மாதங்களில் அதே ஆட்கள் ஒருநாள்கூட லீவு போடவில்லை.

தொழிற்சாலை மேலாளரிடம் அதைத் திரையில் காட்டினேன். “போன தடவையே இதைப் பார்த்திருக்கலாமே?” என்று இந்தியில் கேட்டார். ஸ்பிரே அறையில் புகை உறிஞ்சும் விசிறியை மாற்றினார்கள். அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்கள்.

திருநெல்வேலிக்காரரைத் தேடி, அவர் குடியிருந்த ஆகுர்டிக்கு நானே போனேன். அவர் கட்டிலில் தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தார். நான் கண்டுபிடித்ததைச் சொல்லி முடித்ததும் அவர் மனைவி கேட்டார்:

“அன்னைக்கே பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமோ?”

“தெரிஞ்சிருக்குங்க.”

அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

திருநெல்வேலிக்காரர் மறுபடி வேலையில் சேருவதற்கான மருத்துவப் பரிசோதனைக்கு வந்தார். நுரையீரல் கெட்டுவிட்டது, வேலைக்குத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். நான் ஒப்பிட்ட தேதிகளை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, தொழிற்சாலையிடம் இழப்பீடு கேட்ட அவர் வக்கீலிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் என்னிடம் எந்தப் பட்டியலும் கேட்பதில்லை. இழப்பீட்டு வழக்கு இன்னும் முடியவில்லை. அவரால் இப்போது தெருமுனை வரைகூட நடக்க முடியவில்லை என்று போன வாரம் அவர் மனைவி போனில் சொன்னார்.