ஆய்வுகூடத்தைப் பார்க்காத ஐந்து நாட்கள்

என் கைபேசியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன், கண்டிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில் நானே எடுத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் டொக்டர். இந்தப் பக்கக் கதிரையில், மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி. இருவருக்கும் நடுவில் எங்கள் பாடசாலை மாணவி நின்றுகொண்டு, டொக்டர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். அதிபர் அதைப் பெரிதாக அச்சடித்து அறிவித்தல் பலகையிலும் ஒட்டிவிட்டார். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல் வரும், ஆனால் அழிக்கவும் கை வரவில்லை.

எங்களுடையது ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை. நான் அங்கே தொழில் வழிகாட்டல் ஆசிரியை. பெயர்தான் பெரிது. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளை, ஐந்து நாளைக்கு ஓர் உத்தியோகத்தரின் பக்கத்தில் நிறுத்தி, அவர் செய்யும் வேலையைக் கூடவே இருந்து பார்க்க வைப்பது என் பொறுப்பு. கேட்க அழகாக இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஓர் இடம் பிடிப்பதற்குள் நான் எத்தனை அதிகாரிகளின் கந்தோர்ப் படி ஏறி இறங்க வேண்டும் என்பது என் செருப்புக்குத்தான் தெரியும். அந்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஓர் இடம் கேட்டு மட்டும் நான்கு முறை போனேன்.

அந்த மாணவிக்காகத்தான் போனேன். அவளுடைய தம்பிக்கு டெங்கு வந்தபோது தினமும் இரத்தம் எடுத்து ஒரு கதவுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தக் கதவுக்குள் என்னதான் செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்குப் படிக்க வேண்டுமென்றால் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் எடுக்க வேண்டும். எங்களிடம் கலைப் பிரிவு மட்டும்தான். கண்டியில் பாடசாலை தேடி, தங்க ஓர் இடமும் தேட வேண்டும். அவளுடைய அப்பா தெல்தெனியச் சந்தையில் மூட்டை ஏற்றி இறக்குபவர். நான் வீட்டுக்குப் போய்ப் பேசியபோது மறுக்கவில்லை.

"அது என்னா வேலன்னு அவ கண்ணால பாத்துட்டு வரட்டும் டீச்சர். பாத்துட்டு வந்து புடிச்சிருக்குன்னு சொல்லட்டும். நா எப்பிடியாச்சும் அனுப்புறேன். சும்மா பேரக் கேட்டு ஆசப்பட்டா என்னால தாங்க ஏலாது."

நியாயமான பேச்சு. அவள் ஆய்வுகூடத்தைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி என்று சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை ஆய்வுகூடப் பொறுப்பாளர் அவளை அன்பாகத்தான் வரவேற்றிருக்கிறார். ஒரு முக்காலியைக் காட்டி உட்காரச் சொல்லியிருக்கிறார். பத்து நிமிடம் ஆகவில்லை, வெளிநோயாளர் பிரிவிலிருந்து தாதி ஒருவர் ஓடி வந்தார். தோட்டத்துச் சனம் நிறைய வந்திருக்கிறது, அங்கே எங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது, இந்தப் பிள்ளைக்கு இரண்டு பாஷையும் தெரியுமா? தெரியும். சந்தையில் அப்பாவோடு நின்று பழகிய சிங்களம், தண்ணீர் பட்ட பாடாக வரும் அவளுக்கு. கொஞ்ச நேரத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டு அழைத்துப் போனார்கள். அந்தக் கொஞ்ச நேரம் வெள்ளிக்கிழமைவரை நீண்டது. ஆய்வுகூடத்தில் முக்கிய வேலையெல்லாம் காலையில்தான். இவள் இரண்டு மணிக்கு விடுபட்டுத் திரும்பும்போது இயந்திரங்களைத் துடைத்து மூடியிருப்பார்களாம்.

புதன்கிழமை நான் பார்க்கப் போனேன். டொக்டர் பக்கத்தில் எங்கள் பிள்ளை நிற்பதைக் கண்டதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், நா லேபுக்கு எப்ப போறது?"

"போகலாம், போகலாம். நம்ம சனம் நிக்கிதில்ல, இத முடிச்சுக் குடு."

இதைச் சொன்னது நான்தான். ஆஸ்பத்திரிக்காரர்களை எத்தனை திட்டினாலும் இந்த வாக்கியத்தை அவர்கள் தலையில் கட்ட முடியாது. அந்த நிமிடமே அவள் கையைப் பிடித்து ஆய்வுகூடத்துக்குள் கொண்டுபோய் விட்டிருக்கலாம். படம் எடுக்கும் மும்முரத்தில் இருந்தேன்.

கடைசி நாள் நல்ல தடித்த தாளில் சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று மாலை அப்பா கேட்டிருக்கிறார். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. லேபைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, இன்னும் இரண்டே இரண்டு நாள் தாருங்கள் என்று கெஞ்சினேன். ஐந்து நாள்தான் ஒழுங்கு, அது முடிந்துவிட்டது என்றார்கள். தமிழ் தெரிந்த ஆளை நீங்கள்தானே நியமிக்க வேண்டும் என்று கத்தினேன். மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், இன்னும் ஆள் வரவில்லை என்று அமைதியாகப் பதில் வந்தது. அந்த அமைதிதான் என்னை மேலும் கொதிக்க வைத்தது. பிறகு அவள் அப்பாவிடம் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அஞ்சு நாளு அங்கயே நின்னும் உள்ள விடலன்னா, அது நமக்கான எடமில்ல டீச்சர்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. அவள் இப்போது எங்கள் பாடசாலையிலேயே கலைப் பிரிவில், முன் வரிசையில் இருக்கிறாள். நன்றாகத்தான் படிக்கிறாள், அதுவும் எனக்கு வலிக்கிறது. என்மேல் கோபமா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இல்ல டீச்சர். அந்தப் படத்துல இருக்கிற அக்கா, மூணு வேள மாத்திரையையும் காலையிலயே ஒண்ணாக் குடிச்சிருக்கு. ரெண்டு மாசமா. நா இல்லாட்டி அதுக்கு யாரு சொல்லியிருப்பா?"

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவள்மேல் இல்லை. ஒரு முழு ஆஸ்பத்திரியும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியைப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, அவளுக்கு ஒரு சான்றிதழையும் நீட்டியிருக்கிறார்கள். நானும் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறேன்.

இந்த வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களாகவே கடிதம் அனுப்பினார்கள். சிங்களம் சரளமாகப் பேசும் தமிழ் மாணவிகள் இருவர் வேண்டுமாம். அதிபருக்கு ஏகப் பெருமை. நான் ஒருத்தியை மட்டும் அனுப்பினேன். அவளுக்கும் ஆய்வுகூட ஆசை, சிங்களமும் நன்றாக வரும். பஸ் ஏறுவதற்கு முன் அவளைத் தனியாக அழைத்து, யார் கேட்டாலும் உனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது என்று சொல்லிவிடு, ஆய்வுகூடத்தைவிட்டு வெளியே வராதே என்று சொல்லி அனுப்பினேன். ஒரு பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பொய் அது.

முதல் நாள் மாலையே போன் எடுத்தாள். காலையிலிருந்து உள்ளேயே இருந்தாளாம். இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்ப்பதையும், அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதையும் காட்டினார்களாம். அவளையும் பார்க்கவிட்டார்களாம். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பிறகு அவள் குரல் இறங்கியது.

"டீச்சர், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா வந்து நின்னுச்சு. வயித்தப் புடிச்சுக்கிட்டு என்னென்னமோ சொல்லிச்சு. லேப் மிஸ்ஸுக்கு ஒண்ணும் வெளங்கல. என்னயத் திரும்பிப் பாத்தாங்க. நா வாயத் தொறக்கல டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே இருந்துட்டேன்."

அந்த அம்மா பிறகு என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை.

"சரி, நுணுக்குக்காட்டியில என்ன தெரிஞ்சிச்சு? அதச் சொல்லு" என்றேன்.