தகரச் சுவருக்கு இந்தப் பக்கம்

தொஃபஸல் மியா டி.வி. முன்னால் வந்து நின்றால் நம் அணியின் விக்கெட் விழும். போகுராவில் எங்கள் ரயில்கேட் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிற மாதிரி அடித்துச் சொல்லியிருப்பார்கள்.

எல்லாம் ஒரு தீப்பெட்டியில் ஆரம்பித்தது. நொகேனின் டீக்கடைக்குத் தீப்பெட்டி வாங்க அவர் வந்த நேரம், தொண்ணூற்று நாலு ரன்னில் நின்றிருந்த நம் ஆட்டக்காரன் அடுத்த பந்தில் ஸ்டம்பைப் பறிகொடுத்தான். மறு வருஷம் சும்மா எட்டிப் பார்த்தார், ஒருவன் ரன் அவுட். மூன்றாவது தடவை என்ன நடந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் நடந்தது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பதினோரு பேர் சேர்ந்து ஒரே மத்தியானத்தில் சுருண்டு விழுவார்கள், பழி மட்டும் ரிக்‌ஷா சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கிற மனுஷன் தலையில். தோற்றுத் தோற்றுப் பழகிய ஊருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் கேலியாகத்தான் இருந்தது. "சாச்சா, மேட்ச் முடியறவரைக்கும் உங்க டீ உங்க கடைக்கே வரும். தயவு பண்ணி இந்தப் பக்கம் வந்துடாதீங்க" என்பான் நொகேன். அவரும் சிரிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள். அப்பேர்ப்பட்டவர் இதை எந்த வருஷத்திலிருந்து நம்ப ஆரம்பித்தார் என்று தெரியவில்லை. டெஸ்ட் மேட்ச் நாட்களில் டீக்கடைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். கூச்சலை வைத்தே ஸ்கோரைத் தெரிந்துகொள்வார்.

அவர் மனைவி ஜோபேதாவுக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கிரிக்கெட் பைத்தியம் என்றால் அவள்தான் பைத்தியம். சின்ன வயதில் ரேடியோவில் கேட்டே ஆட்டம் கற்றவள். மீன் கழுவிக்கொண்டே கேப்டனைத் திட்டுவாள். வீட்டில் டி.வி. வந்தும் புருஷன் முற்றத்தில், அவள் உள்ளே. நடுவில் தகரச் சுவர். உள்ளே இருந்து அவள் ஒவ்வொரு ஓவராகச் சொல்லுவாள், இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொள்வார். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் ஒரே ஒரு ஓவரைக்கூட அவர்கள் சேர்ந்து பார்த்ததில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான், நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஜோபேதாவுக்கு ஈரல் கெட்டுப்போனது. பெரியாஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். அந்த வாரத்தில்தான் மீர்ப்பூர் மைதானத்தில் அந்த டெஸ்ட். எதிரணியை நாம் ஒருநாளும் ஜெயித்ததில்லை. நம்மோடு விளையாடுவதை அவர்கள் ஒரு பயிற்சி மாதிரி நினைத்து வந்து போகிறவர்கள். ஆனால் இந்தத் தடவை நம் பையன்கள் நாலு நாளாக அவர்களோடு மல்லுக்கட்டி நின்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் நூற்றிநாலு ரன் வேண்டும், கையில் ஐந்து விக்கெட். ஊரே சோறு தண்ணி மறந்து கிடந்தது.

அன்று காலை அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு எழுந்தவரின் சட்டையை ஜோபேதா பிடித்துக்கொண்டாள்.

"ஷியூலி அப்பா, இன்னைக்கு இங்கயே உக்காருங்க. என் பக்கத்துல."

"உனக்கென்ன பைத்தியமா? இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் ஜெயிக்கற மாதிரி இருக்கு."

"விக்கெட் விழுந்தா விழட்டும். நீங்க உக்காருங்க."

"மேட்ச் முடியட்டும். அப்புறம் நாள் பூரா உன் பக்கத்துலதான்."

"முடிஞ்சப்புறம் என்னத்தைப் பாக்கறது? சோப்பு விளம்பரமா?"

அவர் சிரித்துக்கொண்டே சட்டையை விடுவித்தார். மனதுக்குள் ஒரே கணக்குதான் இருந்தது. இவள் ஆயுசுக்கும் காத்திருந்த ஜெயம் இது. தான் உள்ளே போய் உட்கார்ந்து, அதனால் இது தோற்றுப்போனால், அவள் அந்தத் துக்கத்தோடு போவாள். அதை அவரால் தாங்க முடியாது. அவள் மேல் வைத்த ஆசையில்தான் அந்த மனுஷன் வெளியே போனார். இதைப் பிற்பாடு எங்களிடம் அவரே சொன்னார்.

தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் முக்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு சக்கரத்தையும் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே அவளுக்குத் துணையாக அவர் தம்பி பெண்டாட்டி மொமேனா இருந்தாள். ஜோபேதாவின் குரல் மெலிந்திருந்தது, ஆனால் ஸ்கோர் மட்டும் தவறவில்லை. "போச்சு, எட்ஜு." சிறிது நேரம் கழித்து, "இவனும் போனான், குருட்டுப் பய." சாப்பாட்டு இடைவேளைக்குள் மூன்று விக்கெட் போய்விட்டது. நாற்பத்தெட்டு ரன் வேண்டும், இரண்டு விக்கெட் பாக்கி.

இடைவேளையில் மொமேனா வெளியே வந்தாள். "பாய், அண்ணி உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. சித்த உள்ளாற வந்துட்டுப் போங்களேன்."

"இடைவேளைதானே, வர்றேன்" என்று எழுந்தார். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலிருந்து நொகேன் குரல் கொடுத்தான். "சாச்சா, உக்காருங்க. பிட்ச்சைக் காட்டிட்டிருக்கான். நீங்க அதைப் பாத்தாலும் பாத்த மாதிரிதான்." நாங்கள் நாலைந்து பேர் அவனோடு நின்றிருந்தோம். எல்லோரும் சிரித்தோம். அவர் திரும்பவும் முக்காலியில் உட்கார்ந்தார்.

இடைவேளை முடிந்து ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. "இருபத்தி மூணு வேணும்" என்று உள்ளே இருந்து ஜோபேதா சொன்னாள். கடைசி ஜோடி. நெஞ்சு தாங்காமல் மொமேனா தொழுகைப் பாயைத் தேடித் தன் வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

அதற்கப்புறம் உள்ளே இருந்து சத்தம் வரவில்லை.

தொஃபஸல் மியா அதற்காகப் பயப்படவில்லை. கடைசி ஜோடி ஆடும்போது ஜோபேதா வாயைத் திறக்கமாட்டாள், வாய் விட்டால் விக்கெட் விழும் என்பது அவள் கட்சி. புருஷனின் ராசியை நம்பாதவளுக்கும் தனக்கென்று ஒரு ராசி இருந்தது. டீக்கடைக் கூச்சலை வைத்து அவரே எண்ணிக்கொண்டார். பதினெட்டு. பதினாலு. ஒரு பெரிய அலறல், பத்து. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை சுவரில் மெல்லத் தட்டினார். பதில் இல்லை. அவரும் பேசாமல் இருந்துவிட்டார். எண்ணிக்கை ஆறுக்கு வந்தது, இரண்டுக்கு வந்தது. அப்புறம் ரயில்கேட் பூராவும் ஒரே தொண்டையாகக் கத்தியது.

"ஷியூலி அம்மா, ஜெயிச்சாச்சு" என்று உள்ளே ஓடினார். டி.வி.யில் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஜோபேதா அதைப் பார்த்த மாதிரியே கிடந்தாள். கையைத் தொட்டார். அது குளிர்ந்திருந்தது. எப்போது போனாள், எத்தனை ரன் பாக்கி இருக்கும்போது போனாள் என்று யாருக்குத் தெரியும்.

நாங்கள் மேளத்தோடு அவர் வீட்டுக்குத்தான் போனோம். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவதாக ஏற்பாடு. நொகேன் ரசகுல்லாப் பானையோடு முன்னால் போனான். "சாச்சா, நீங்கதான் ஜெயிக்க வெச்சீங்க, வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டே வாசலை மிதித்தவன் அங்கேயே நின்றுவிட்டான். பின்னால் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாது, வெகு நேரம் மேளத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

நாராயண்கஞ்சில் வாக்கப்பட்ட மகள் ஷியூலி வந்து அழுதுவிட்டுப் போனாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதியும் முடிந்தது. அடுத்த டெஸ்ட் வந்தது. மத்தியானம் சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு தொஃபஸல் மியா டீக்கடைக்குள் வந்து, டி.வி.க்கு நேர் எதிரே முன் பெஞ்சில் உட்கார்ந்தார். நொகேன் டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தான்.

நம் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் இமைக்காமல் பார்த்தார். அவர் எதைப் பார்க்க வந்திருக்கிறார் என்று கொஞ்ச நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் புரிந்துபோனது. ஒரு விக்கெட் விழ வேண்டும். ஒன்றே ஒன்று விழுந்தால் போதும், அன்று அவர் வெளியே உட்கார்ந்திருந்தது நியாயம் என்று ஆகிவிடும். அல்லா சாட்சியாகச் சொல்கிறேன், நம் அணிக்கு விக்கெட் விழ வேண்டும் என்று அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரும் வேண்டினோம். நொகேன் அவன் காளியை வேண்டினான். பவுண்டரி போனது, யாரும் கைதட்டவில்லை. மறுபடியும் போனது. அரைச் சதம் போட்டவன் மட்டையைத் தூக்கிக் காட்டினான். தேநீர் இடைவேளை வரை இரண்டு பேரும் அசையவில்லை.

தொஃபஸல் மியா ஆறிப்போன டீயைப் பெஞ்சில் வைத்தார்.

"அவ கூப்பிட்டப்பவே நான் போயிருக்கலாம், நொகேன்" என்றார்.