மிஸ் மேவிஸ் எனக்கு விட்டுத்தந்த பதில்

வெக்ஸ்போர்ட்டில் பல் வைத்தியரிடம் போய்விட்டு, பாதி வாய் விறைத்தபடி கார்த் தரிப்பிடத்தில் நின்றபோது மகள் சிந்துவின் அழைப்பு வந்தது. "அப்பா, மிஸ் மேவிஸ் செத்துப்போயிட்டா" என்றாள். காலமானார் என்று சொல்லிப் பழகாத, கனடாவில் பிறந்த பிள்ளை. எனக்கோ அப்போது "ஓம்" என்றுகூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. அவர் விஷயத்தில் வேண்டிய நேரத்தில் என் வாய் திறக்காதது அது முதல் தடவையும் அல்ல.

ஸ்காபரோவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் பதினேழு ஆண்டுகள் ஒன்றாகப் படிப்பித்தோம். ஜமேக்காவில் பிறந்த அவர் இரசாயனம், நான் கணிதம். நான் சேர்ந்த புதிதில் என் ஆங்கிலம் விளங்கவில்லையென்று மாணவர்கள் அதிபரிடம் முறையிட்டார்கள். மிஸ் மேவிஸ் தம் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு கிழமை என் வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து திருத்தினார். வெள்ளிக்கிழமை அதிபரிடம் போய், "எனக்கு எல்லாம் விளங்கியது, கணிதத்தைத் தவிர" என்றாராம். முறைப்பாடு அத்தோடு முடிந்தது.

அவர் பட்டம் பெற்றது அமெரிக்காவின் தெற்கே, அலபாமாவில். கறுப்பின மாணவர்களை மற்றக் கல்லூரிகள் வாசலிலேயே மறித்த காலத்தில் அவர்களுக்கென்று எழுந்த கல்லூரி அது. இன்று யாரும் சேரலாம். ஆனாலும் பெரும்பாலானோர் கறுப்பின மாணவர்களே. ஒவ்வோர் இலையுதிர் காலமும் பழைய மாணவர் விழாவுக்குப் போய்ப் பத்து வயது குறைந்து திரும்புவார். "அங்கேதான் முதன்முதலாக நான் வகுப்பில் இருக்கும் கறுப்புப் பிள்ளையாக இல்லாமல், இரசாயனம் படிக்கிற பிள்ளையாக மட்டும் இருந்தேன்" என்று ஒருமுறை சொன்னார்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு சிந்து அங்கேயே விண்ணப்பித்தாள். இடமும் கிடைத்தது. எனக்கு இடி விழுந்தது போலிருந்தது. "சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்று வீட்டில் கத்தினேன். இலங்கையில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்ட கதையை, மேடை கிடைத்த இடமெல்லாம் சொல்கிறவன் நான். அந்த வாயால்தான் கத்தினேன். நினைக்க நாக்கூசுகிறது.

அவளை வழியனுப்ப டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் விழா அறையில் விருந்து வைத்தோம். உறவினருக்கு "அமெரிக்காவில படிக்கப் போறா" என்பதோடு நிறுத்தியிருந்தேன். மிஸ் மேவிஸ் தம் கல்லூரியின் துணிப்பதாகை ஒன்றோடு வந்து, கேக்குக்குப் பின்னால் கட்டலாமா என்று கேட்டார். ஒட்டுநாடா போட்டால் சுவரின் பெயின்ற் கழன்றுவிடும், கட்டடக்காரர் ஏசுவார் என்றேன். அதே சுவரில் நாற்பது பலூன்களை ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தோம். அவர் பலூன்களைப் பார்த்தார். பதாகையை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

என் பெரியப்பா மகன் ஒருவர், ஊரில் எந்தப் பிள்ளை எங்கே படிக்கிறதென்று கணக்கெடுப்பவர், மிஸ் மேவிஸிடம் போய், சிந்து போவது எப்படிப்பட்ட கல்லூரி என்று ஆங்கிலத்தில் கேட்டார். மிஸ் மேவிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அதை அவளுடைய தகப்பன் சொல்வதுதான் முறை" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வசனம் போதும்.

"சோறு ஆறுது, வாங்கோ சாப்பிடுவம்" என்றேன்.

செப்டெம்பரில் பள்ளி தொடங்கியபோது அவர் வழக்கம்போலவே பேசினார். கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். சிந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் முதலில் அவரிடம் போவாள், பிறகுதான் வீட்டுக்கு. அவள் பட்டம் பெற்று, இங்கே மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலையிலும் சேர்ந்தாள். அவர் ஓய்வு பெற்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை தேவாலயத்தில், அவருடைய இறுதிச் சடங்கில், அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் எழுந்து கல்லூரிப் பாட்டைப் பாடும்படி போதகர் அழைத்தார். ஒன்பது பேர் எழுந்தார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. ஒரு சொல்லுக்கும் தாளைப் பார்க்காமல் பாடினாள். நான் குனிந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் காரில் கேட்டாள்: "அப்பா, அண்டைக்குப் பார்ட்டியில நடந்ததுக்கு நீங்கள் அவவிட்ட சொரி சொன்னனீங்களா?"

"இல்லை."

அடுத்த சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாள். "அண்டைக்கே அவ என்னட்டச் சொன்னவ, அப்பாவைக் கோவிக்காதை, ஒருநாளைக்கு அந்தப் பதிலைத் தானாச் சொல்லுவார் எண்டு. பிறகு நான் போகேக்கயெல்லாம் கேப்பா, சொல்லிட்டாரோ எண்டு."

பெரியப்பா மகனும் மற்ற உறவினரும் வாசிக்கும் இந்தப் பத்திரிகையில் சொல்கிறேன். என் மகள் சிந்து படித்தது கறுப்பின மக்களின் கல்லூரியில். அவளை அங்கே அனுப்பிவைத்தவர் மிஸ் மேவிஸ். அதை மறைத்தவன் நான்.

போய்வாருங்கள், மிஸ் மேவிஸ். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.