ஒரே இடத்தில் நின்ற வள்ளங்கள்

என் லேப்டாப்பில் அது ஒழுங்காகத்தான் ஓடியது. என் தொழிலில் இந்த வாக்கியத்தைச் சொல்லாத ஆள் கிடையாது, இதைக் கேட்டு எரிச்சல்படாத ஆளும் கிடையாது. வரைபடம் செய்து இணையத்தில் ஏற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. தூத்துக்குடியில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு உப்பளத்துக்கு, வாய்க்காலுக்கு, மனைப்பிரிவுக்கு என்று எத்தனையோ போட்டிருக்கிறேன். ஒன்றுகூட முதல் தடவையிலேயே சர்வரில் ஏறியதில்லை. ஆனாலும் இந்த ஒரு வரைபடம் என் உயிரை வாங்கியதுபோல வேறெதுவும் வாங்கியதில்லை. இது என் அண்ணனுக்காகச் செய்தது.

அண்ணன் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவன். வள்ளத்தில் காற்று மெஷின் ஒன்று ஓடும். அதிலிருந்து நீளமான குழாய் கடலுக்குள் இறங்கும். குழாயின் மறுமுனையை வாயில் கடித்துக்கொண்டு அண்ணன் அடித்தரையில் சங்கு தேடுவான். மேலே விசைப்படகு வந்தால் கீழே கிடக்கிறவனுக்குத் தெரியாது. போன பருவத்தில் ஒரு படகு அவன் குழாயை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கிலும் காதிலும் ரத்தம் வடிய அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் மைனி என்போம்.

“ஊருக்கெல்லாம் மேப்பு போடுதியேளா, ஒங்க அண்ணன் எங்கன முங்கிக் கெடக்காவன்னு அந்தப் படகுக்காரங்களுக்குத் தெரியுத மாதிரி ஒண்ணு போட முடியாதா?”

முடியும் என்று சொல்லிவிட்டேன். செய்கிற விதமும் கஷ்டமில்லை. ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு போன். அவர்கள் குளிப்பது டவர் எட்டுகிற தூரத்தில்தான். போன் தான் இருக்கும் இடத்தைச் சர்வருக்கு அனுப்பும், வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும், விசைப்படகு ஓட்டுகிறவர் தன் போனில் பார்த்து ஒதுங்கிப் போவார். சங்கு குளிப்பவர்களின் சங்கம் போன்களை வாங்கித் தந்தது. சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் தன் சர்வரில் இடம் தந்தது. அங்கேதான் சனி பிடித்தது.

அந்தச் சர்வரை நான் கண்ணால் பார்த்ததில்லை. மும்பையில் எங்கோ இருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கவனித்துக்கொள்ளும் சென்னைக்காரரையும் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “டிக்கெட் போடுங்க மேடம், பார்க்கிறோம்.” முதலில் பக்கம் வெள்ளையாக வந்தது. என் லேப்டாப்பில் தேவையே படாத ஏதோ ஒன்றை அங்கே தனியாக நிறுவ வேண்டும் என்றது. நிறுவ எனக்கு அனுமதி இல்லை. டிக்கெட் போட்டேன். அப்புறம் கடல் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கட்டங்களாக வந்தன. அதைச் சரிசெய்தால், போன்கள் அனுப்புகிற எதையும் உள்ளே விடாமல் ஃபயர்வால் மறித்துக்கொண்டு நின்றது. வழி திறந்துவிடுங்கள் என்று டிக்கெட் போட்டால், ஏன் திறக்க வேண்டும் என்று விளக்கம் எழுதித் தரச் சொன்னார். ஒரு ஆள் தண்ணீருக்கடியில் கிடக்கிறான் ஐயா, அதற்காக என்று எழுதினேன். தொழில்நுட்பக் காரணம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லேப்டாப்பைத் தூக்கி மாடியிலிருந்து போட்டிருப்பேன், தவணை முடியவில்லை.

இதற்கு நடுவே அண்ணன் உடம்பு தேறி மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான். மைனி தினமும் போன் செய்வாள். “ஏறிட்டுதாளா?” இன்னும் ஏறவில்லை மைனி. “நாளைக்கு ஏறிருமாளா?” அவளுக்கு ஃபயர்வாலை எப்படிப் புரிய வைப்பது? எனக்கே புரியாத கோபத்தில் அவள் மேல் இரண்டு தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்.

ஒருவழியாக ஏறியது. கரையில் எல்லா போன்களையும் வரிசையாக வைத்துச் சோதித்தோம். திரேஸ்புரம் கடற்கரையில் சிவப்புப் புள்ளிகள் பூத்தன. அண்ணன் வள்ளத்தின் போனை எடுத்துக்கொண்டு நான் நடந்தேன், அவன் புள்ளியும் நகர்ந்தது. மைனி அந்தப் புள்ளியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுக்காரர்கள் எல்லாரிடமும் சங்கத்து ஆட்கள் போய்ச் சொன்னார்கள். ஏதாவது குறை இருந்தால் கூப்பிடட்டும் என்று பக்கத்தின் அடியில் என் நம்பரைப் போட்டேன்.

மறுநாள் வள்ளங்கள் கடலுக்குப் போனதும் வரைபடத்தைத் திறந்தேன். எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் இருந்தன.

ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே கொத்தாக, கரைக்குப் பக்கத்தில் ஆழமே இல்லாத தண்ணீரில் நின்றன. கொஞ்ச நேரத்தில் கொத்தாகவே நகர்ந்தன. கொத்தாகவே நின்றன. அங்கே ஒருவனும் சங்கு குளிக்கப் போக மாட்டான். எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். கடைசியாக வந்த ஒரு போனின் இடத்தை எல்லா வள்ளத்துக்கும் சேர்த்துப் பதிந்துகொள்கிறது இந்தப் பாழாய்ப்போன சர்வர். லாக் ஃபைலை வரி வரியாகப் படித்தேன். தப்பே இல்லை. தரவுத்தளத்தை அழித்துத் திரும்ப ஏற்றினேன். அதே கொத்து. சென்னைக்குப் போன் செய்தேன். “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம். உங்க அப்ளிகேஷனைப் பாருங்க” என்றார். என் லேப்டாப்பில் சரியாகத்தானே ஓடுகிறது என்று கத்தினேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்குக் கேட்டது.

சாயங்காலம் அண்ணனிடம் விசாரித்தேன். “போனை ஆன் பண்ணித்தானே வச்சிருந்தீங்க?”

“ஆன்லதாம்ளா இருந்துச்சு. மேப்பு அருமையா இருக்கு” என்றான்.

அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். நானும் சென்னைக்காரரும் மாறி மாறி ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு மதியம் அவருக்காக எரிச்சலோடு ஒரு டிக்கெட் தட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. தெரியாத நம்பர். பேசியவர் விசைப்படகு ஓட்டுகிற ஒரு அண்ணாச்சி.

“தங்கச்சி, இந்தச் சங்கு மேப்பு போட்டது நீதானா? அந்தப் பக்கம் ஒரு வள்ளமும் இல்லன்னு காட்டுதும்மா. அத நம்பி நான் நேரா விட்டுட்டேன். கிட்ட வந்து பாத்தா ஒரு வள்ளம் நிக்கி. அதுல ஒருத்தன் துண்டை வீசிக்கிட்டுக் கத்துதான். கீழ ஆள் கெடக்காம்! முன்னெல்லாம் அங்கன வந்தா மெதுவா பாத்துப் பாத்துத்தான் போவோம். மேப்பு இருக்கேன்னு வெரசா வந்துட்டேன்.”

“என்ன வள்ளம் அண்ணாச்சி?”

“பச்சை வள்ளம். முன்னால மாதா படம் போட்டிருக்கு.”

அண்ணன் வள்ளம். கீழே இருந்தவன் என்ன ஆனான் என்று கேட்டேன். குழாய் அறுபட்டதா என்று தனக்குத் தெரியவில்லை என்றார். அவர் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டிருந்தார்.

அண்ணன் வள்ளத்துப் போனுக்கு அடித்தேன். மணி போனது. எடுத்தவர் குரல் அந்த வள்ளத்து ஆட்கள் யாருடையதும் இல்லை. கரையோரம் நண்டு வலை போடுகிற எங்கள் தெருக்காரர்.

“ஒங்க அண்ணனா? அவன் இங்கன ஏதுளா? எல்லா வள்ளத்துப் போனும் எம் பையிலல்லா கெடக்கு. காலையில எங்கிட்ட தந்துட்டுத்தான் எல்லாரும் போறது. சார்ஜ் எறங்காமப் பாத்துக்கிடச் சொல்லியிருக்காவ.”

சர்வரில் ஒரு தப்பும் இல்லை. அது உள்ளதை உள்ளபடி காட்டிக்கொண்டிருந்தது. அத்தனை நாள் மன்றாடி ஏற்றியதை ஒரே கட்டளையில் நிறுத்தினேன். இல்லாத வரைபடத்தை நம்பி யாரும் வேகமாக வர மாட்டார்கள். அப்புறம் மைனியைக் கூட்டிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

அங்கே நின்ற நேரம் எதிரிக்கும் வரக் கூடாது. மைனி வருகிற ஒவ்வொரு வள்ளத்தின் நிறத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை வள்ளம் வந்தது. அண்ணன் அதில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அவன் கால் மணலில் படுவதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

“போனை ஏன் நண்டு வலைக்காரர்ட்ட குடுத்தே?”

“பின்ன என்ன செய்ய? ஒரே எடத்துல காலையிலருந்து புள்ளி நின்னா, அங்கன சங்கு கெடக்குன்னு ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரில்லா. மறுநா விடியக்குள்ள அத்தன வள்ளமும் சங்கு கெடக்க எம் பாருல நிக்கும். ஒரு பாரைத் தேடிப் புடிக்க எவ்வளவு முங்கணும்னு ஒனக்குத் தெரியுமா?”

“எல்லாருமா குடுத்தீங்க?”

“எல்லாருந்தான். எவன் காட்டுவான்?”

அவன் கரையில் இருந்த ஓலைக் குடிசையில் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, கடலுக்குப் போகும்போது அங்கேயே விட்டுப் போகிற தன் சொந்தப் போனை எடுத்துத் தட்டினான். முகத்தைச் சுளித்தான். “ஏளா, மேப்பு தெறக்க மாட்டேங்குதே. ஏன்?”

“நீங்க எல்லாரும் ஒரே பையில கெடக்கீங்க. அதுல என்னத்தப் பாக்கப் போறே?”

“எவனாவது ஒருத்தன் மறந்துபோய்ப் போனைக் கையோட கொண்டு போயிருக்க மாட்டானான்னு தெனமும் பாக்கது. எல்லாவனும் அப்படித்தான் பாக்கான்.”

தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் கடற்கரையில் சுவர் இல்லை. படகுக்காரர்களுக்காக நான் செய்த வரைபடத்தை ஒழுங்காகத் தினமும் பார்த்தவர்கள் இவர்கள்தான். இனிமேல் செத்தாலும் அதை ஏற்ற மாட்டேன் என்றேன்.

அப்போதுதான் மைனி வாயைத் திறந்தாள். என்னிடம்தான் கேட்டாள். “யாருக்கும் வேண்டாம்ளா. எனக்கு மட்டும் தெரியுத மாதிரி போட முடியுமா?”

முடியும் என்றேன். அண்ணன் குறுக்கே விழுந்தான். “இவளுக்குத் தெரிஞ்சா இவ தம்பிக்குத் தெரியாதா? அவனும் சங்குக்குத்தான போறான்?”

மைனி அவனை நேராகப் பார்த்தாள். அழவில்லை. “அப்பம் ஒரு நா நீங்க வரலைன்னா, நான் எங்கன வந்து தேட?”

அண்ணன் பீடியைக் கீழே போட்டான். கடலைப் பார்த்தான், மைனியைப் பார்த்தான். சுற்றுமுற்றும் ஆள் இருக்கிறதா என்று பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான்.

“ஏளா, நீ செத்தத் தள்ளி நில்லு” என்றான்.

அவன் மைனியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, கையை நீட்டிக் கடலில் ஏதோ அடையாளம் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் தள்ளி நின்றேன்.