முதல் சனிக்கிழமைக் காப்பி

சுக்கு தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பி கொதிக்கும்போது எழும் காரமான வாசம் தொண்டையின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு அன்றைக்கு முழுக்க இறங்காது; எனக்கு அது இத்தனை வருஷமாகியும் இறங்கவில்லை. அமரவிளையிலிருந்து செங்கல் என்ற ஊருக்குப் போகும் ரோட்டோரம் எங்கள் வீடு. மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலமானால் அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் இந்த வாசம்தான் வரும்.

மறுநாள் சபையில் திருவிருந்து. மனஸ்தாபம் உள்ளவர்கள் அதற்கு முந்தின சாயங்காலமே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மேசைக்கு வரக்கூடாது என்பது எங்கள் சபையின் பழக்கம். அதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் 'நிரப்பு' என்று பேர். 'ஏதாவது வருத்தம் இருந்தா மனசில வைக்காதே' என்று மழுப்பினால் நிரப்பு ஆகாது. செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "நானாக்கும் ஒனக்க வேலிய நெருக்கிக் கட்டினது" என்று ஒருவர் சொல்வார், மற்றவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்ப்பார், பிறகு உள்ளே திரும்பி, "எடீ, காப்பி எடு" என்பார். அவ்வளவுதான், தீர்ந்தது. காப்பி ருசியாக இருக்கும் வீடாகப் பார்த்துச் சண்டை போடுகிறவர்களும் உண்டு என்று அப்பா கேலி செய்வார். ராஜையன் மேஸ்திரி என்றால் அப்பாவை அந்தச் சுற்றில் எல்லாருக்கும் தெரியும். சபையின் சுற்றுச்சுவர் அவர் கட்டியது. யாரிடமும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாத மனுஷன். அதுதான் எங்களுக்கு வினையாக வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் நாலாம் வகுப்பு, தம்பி ஷிபு ஒன்றாம் வகுப்பு. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் சபையின் ஜீப் வீடு வீடாக வந்து வாழைக்குலை, சேனை, கோழி, தேங்காய் என்று காணிக்கைகளை ஏற்றிக்கொண்டு போகும். ஷிபு தானே தவிடு போட்டு வளர்த்த வெள்ளைக் கோழியைக் கொடுக்கப்போவதாக ஒரு மாதமாக ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, ரோட்டை விட்டு நன்றாக விலகி, மண்ணில் என் பக்கத்தில் நின்றான். நான் அவன் தோளில் கை போட்டிருந்தேன். வளைவில் ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்த ஜீப் அடங்காமல் மண்ணில் இறங்கியது. என் கைக்குள் இருந்த தோள் இல்லாமல் போனது. ஓட்டி வந்தவர் செல்வின் அண்ணன், சபைச் செயலாளரின் மகன், இருபது வயதுகூட இருக்காது. அவர்தான் குதித்து இறங்கித் தம்பியை அள்ளிக்கொண்டு, "ஐயோ, எனக்க கையால, எனக்க கையால" என்று கதறியபடி ஆஸ்பத்திரிப் பக்கமாக ஓடினார். பிரயோஜனம் இல்லை. கோழி மட்டும் சாயங்காலம் தானாகக் கூட்டுக்கு வந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் செயலாளர் மாமா வந்தார். போதகரும் கூட வந்தார், அவரை நாங்கள் 'அச்சன்' என்போம். அம்மா உள்ளறையில் சுவரோடு சாய்ந்திருந்தாள், நான் அவள் மடியில். பேச்செல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

"எலே ராஜையா, போனவன் போயாச்சு. இருக்கவனையாவது காப்பாத்தாண்டாமா? கேஸு ஆச்சுன்னா அவன் கல்ஃபுக்குப் போவ முடியாது, மக்கா" என்றார் மாமா. பையன் கோழியோடு ஜீப்பைப் பார்த்துக் குறுக்கே ஓடி வந்தான் என்று ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அச்சன்தான், "இரக்கமாக்கும் பெருசு, ராஜையா. நீதி செலுத்த ஆண்டவர் உண்டு" என்றார்.

அப்பா பணத்துக்கு விலைபோயிருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் ஒரு சல்லி வாங்கவில்லை. ஒரு பையனுக்கு இரக்கம் காட்டுகிறோம், கிறிஸ்தவன் செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்று நம்பிப் போய்ப் பொய் சொல்லிவிட்டு வந்தார். பக்கத்தில் நின்ற என்னை யாரும் கேட்கவில்லை. போலீஸ்காரர்கள் இடத்தைப் பார்க்க வந்தபோது என்னை அடுத்த வீட்டில் உட்காரவைத்து, கை நிறையப் பலாச்சக்கை வறுவல் கொடுத்தார்கள்.

அடுத்த முதல் சனிக்கிழமை செயலாளர் மாமா, துக்கம் விசாரிப்பதுபோல, திரும்ப வந்தார். அம்மா காப்பி கொடுக்கவில்லை. வாசல்நடையில் வந்து நின்று சொன்னாள்: "ஒங்க மகன வரச் சொல்லுங்க. நானாக்கும் செய்ததுன்னு எனக்க முன்னால வந்து ஒரு வாக்கு சொல்லட்டு, நான் மன்னிச்சிருவேன். ஸ்டேஷனுக்கு, கோர்ட்டுக்கு ஒண்ணும் நான் போவல்ல. எனக்க பிள்ள ஓடினான்னு நிங்க எல்லாரும் சொன்னா, தப்பு அவனுக்கதாக்கும். பின்ன நான் ஆர மன்னிக்கது?" மாமா தலையாட்டினார். 'பறையலாம், மகனிட்ட பறையலாம்' என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் அம்மா காப்பி போட்டாள். நாங்கள் குடிப்பது அலுமினிய டம்ளரில். செல்வின் அண்ணனுக்கென்று பூப்போட்ட கண்ணாடி கிளாஸ் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். வாசலில் காலடி கேட்டால் எழுந்து நிற்பாள். இருட்டிய பிறகு காப்பியைத் தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டுக் கிளாஸைத் துடைத்து உள்ளே வைப்பாள். அவரை அதற்குள் மார்த்தாண்டத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து கல்ஃபுக்கும் ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அவர் லீவில் வந்துபோனதாகவும் காதில் விழும். அந்த மாதங்களில் அம்மா காப்பிக்குக் கருப்பட்டி கொஞ்சம் கூடுதலாகப் போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் திருவிருந்துக்கு எழுந்து போகும்போது அம்மா மட்டும் பெஞ்சை விட்டு அசையமாட்டாள். செயலாளர் மாமா போய் முழங்கால் போடுவார், அப்பாவும் போவார். பாவம் செய்யாத ஒரே ஆள் பசியோடு உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்றும், எரிச்சலாக வரும். அச்சன் ஒருநாள் கேட்டதற்கு, "நிரப்பு முடியல்ல, அச்சா" என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்கள், "கர்த்தர் கேக்காம விடமாட்டாரு, பாத்துக்கோ" என்று ஆறுதல் சொல்வார்கள். "அவரு கேக்காண்டாம். அவன் சொன்னா போரும்" என்பாள். கர்த்தர் கேட்டதாகவும் தெரியவில்லை. செயலாளர் வீடு மாடி வைத்த வீடாயிற்று.

பொய் எப்படி வளரும் என்பதை நான் ஓய்வுநாள் பள்ளியில்தான் பார்த்தேன். புதிதாக வந்த டீச்சர், நல்லவள்தான், சின்னப் பிள்ளைகளை நிறுத்திவைத்து, "ரோட்டில குறுக்க ஓடாண்டாம், கேட்டியளா. நம்ம ஷிபு அப்படி ஓடியல்லியோ போனான்" என்றாள். நான் எழுந்து, "அவன் ஓடல்ல" என்றேன். டீச்சர் வாயில் விரலை வைத்து என்னை உட்காரச் சொன்னாள். செத்த பிள்ளை எங்கள் சபையில் சொல்பேச்சு கேளாத பிள்ளைகளுக்கு உதாரணமாகிவிட்டான். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு விளைக்குப் போனவர் இருட்டித்தான் வந்தார்.

தொண்ணூறுகள் முடிவதற்குள் அம்மாவும் போய்விட்டாள். காமாலை. அடக்கம் கழிந்து வந்த முதல் சனிக்கிழமை, அடுப்பு மூட்டாத வீட்டில் அப்பாவும் நானும் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். படியேறி வந்தவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முப்பது வயதுக்குள்ளேயே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அப்பாவின் முன்னால் வந்து நின்று, உட்காராமல், பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "மாமா, அவன் ஓடல்ல. மண்ணில வெலகி நின்னான். நானாக்கும் வண்டிய எறக்கினது."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்ன மன்னிக்க எனக்கு அருகதையில்ல, மக்கா. எனக்க பிள்ளைக்க மேல பழி போட்டவன் நானாக்கும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தைபோல அழுதார்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "இப்ப எதுக்கு அண்ணா வந்திய? ஒவ்வொரு மாசமும் காப்பி போட்டு வச்சுக்கிட்டு இருந்தாளே அம்மா, அப்பல்லாம் எங்க போனிய?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "எனக்கா? மாமி என்ன வரச் சொன்னாங்களா? வீட்டுப் பக்கம் வந்தா மண்ண வாரித் தூத்துவாங்கன்னல்லியோ எனக்க அப்பா எனக்கிட்ட சொன்னது" என்றார்.

நான் உள்ளே போய் அந்தக் கண்ணாடி கிளாஸை எடுத்து வந்து காட்டினேன். அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மகன் ஜெயிலுக்குப் போகாமல் செயலாளர் மாமா காப்பாற்றினார் என்பது உண்மைதான். அதோடு சேர்த்து, வாசலில் வந்து நின்றிருந்த மன்னிப்பும் மகனை எட்டாமல் பார்த்துக்கொண்டார்.

இப்போது அந்த வளைவே இல்லை. ரோட்டை நேராக்கி அகலப்படுத்தியபோது தம்பி நின்ற மண் தாருக்கு அடியில் போய்விட்டது. நிரப்புக்கு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. கூப்பிய கைப்படம் ஒன்றை எல்லாருக்கும் சேர்த்துப் போனில் அனுப்பிவிட்டு மேசைக்குப் போகிறார்கள். அப்பாவும் இல்லை. ஊரோடு வந்துவிட்ட செல்வின் அண்ணன் மட்டும் முதல் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். நான் காப்பி போட்டு அந்தக் கிளாஸில் கொடுக்கிறேன். பாதி குடித்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்: "மாமி என்ன மன்னிச்சிருப்பாங்களா, மோளே?"

"அம்மா அண்ணைக்கே மன்னிச்சாச்சு, அண்ணா. நீங்க வந்து வாங்கத்தான் காத்திருந்தா" என்று உள்ளதைச் சொல்வேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் முதல் தடவை அப்படிச் சொன்னேன். மன்னிக்கவே இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.